பக்கத்து வீடு யாருடையது?

பூர்வீகம் தேடி வருகிறவர்கள் முதலில் தாத்தாவின் பெயரைத்தான் சொல்வார்கள். சிலர் மங்கிய புகைப்படம் கொண்டுவருவார்கள். சிலர் பெரிய தாளில் வம்சாவளி வரைந்து, நடுவில் காலியாக விட்ட கட்டங்களைக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு நான் கேட்கிற கேள்வி வேறு: "அவங்க இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல யார் இருந்தாங்கன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

திருவண்ணாமலையில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு ஓர் அண்ணாமலை, ஓர் உண்ணாமலை, ஓர் அருணாசலம் இருக்கிற ஊர் இது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். அதனால் ஏழுமலை மகன் அண்ணாமலை, அண்ணாமலை மகன் ஏழுமலை, மறுபடியும் ஏழுமலை மகன் அண்ணாமலை என்று நூறு வருஷத்துக்கு ஓடும். இவர்களில் நாம் தேடுகிறவர் எந்த அண்ணாமலை என்பதை அவர் வீட்டுக்குக் கிழக்கே யார் இருந்தார், மேற்கே யார் இருந்தார் என்பதை வைத்தே தீர்மானிக்க முடியும்.

நான் பத்திர எழுத்தர். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில் என்று எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினேன். ஒரு சொத்துக்குப் பத்திரம் எழுத வேண்டுமானால் அதன் தாய்ப்பத்திரத்தை வாங்கிப் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய மூலப்பத்திரம் கிடைத்தால் அதையும் படிக்க வேண்டும். படிக்கப் படிக்க, சொத்தைவிட அதில் வருகிற மனிதர்கள்மேல் எனக்கு ஈடுபாடு வந்துவிட்டது. "இந்த வீட்டை வித்தவரு அப்புறம் எங்கே போனாரு?" என்று கேட்டால், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், "அது நமக்கு எதுக்குப்பா, ஸ்டாம்பு பேப்பரை மடி" என்பார். ஆனால் பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு, ரகரமா துணைக்காலா என்று தெரியாத ஒற்றைக் கோடு, இடைவெளி விடாமல் ஓடுகிற வரி. வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. தொகையும் கதவிலக்கமும் தமிழ் எண்ணில் இருக்கும். அந்தக் கையெழுத்துப் பழகினவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். படிக்கத் தெரியாத காரணத்தாலேயே பல வீடுகளில் பழைய பத்திரங்களை டிரங்குப் பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டிகளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பத்திரத்தில் என் கண் முதலில் போகிற இடம் செக்குபந்தி. வீட்டை அடையாளம் காட்ட நான்கு எல்லையும் சொல்லியாக வேண்டும். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெருவுக்குத் தெற்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது என்று எழுதுவார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ அந்தப் பத்திரம் எழுதப்படுவதே தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் பெயர் அதில் நிற்கும். சொந்தமாக ஒரு பத்திரமும் எழுதிக்கொள்ளாமல் பூர்வீக வீட்டில் பிறந்து அதிலேயே செத்துப்போனவர் சர்க்கார் காகிதத்தில் இருக்கிற ஒரே இடம் அண்டை வீட்டுக்காரரின் செக்குபந்தியாக இருக்கலாம்.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. அண்ணாமலையார் கோயில் சுவரைச் சுற்றி வந்தால், நிலத்தைத் தானம் கொடுத்தவன் அந்த நிலத்துக்குக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று அக்கம்பக்கத்து வாய்க்காலையும் நிலத்தையும் சொல்லிக் கல்லில் வெட்டிவைத்திருப்பதைக் காணலாம். இக்கோயிலின் கல்வெட்டுகளைப் பி.ஆர்.சீனிவாசன் படித்துத் தொகுக்க, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. கோயிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் தனித்தனி நூல்கள் அந்த வரிசையில் உண்டு. அறிஞர்கள் கல்லில் படித்த அதே நான்கெல்லையைத்தான் நான் முத்திரைத்தாளில் படிக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு அட்டவணைகள் முக்கியம். முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்வாரியாக இருக்கும். இரண்டாவது சொத்துவாரியாக இருக்கும். செக்குபந்தியில் வருகிற அண்டை வீட்டார் இரண்டிலும் ஏறமாட்டார்கள். வில்லங்கம் போட்டாலும் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் தெருவிலுள்ள ஒவ்வொரு சொத்தின் பத்திரத்தையும் நகல் போட்டு வாங்கி வரிவரியாகப் படிக்க வேண்டும். உயில் போன்ற சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டே தவிர, வீடு நிலம் சம்பந்தமான முதல் புத்தகத்தை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பலருக்கு இது தெரியாது. நான் தெருவுக்கு ஒரு நீளத் தாள் வைத்திருக்கிறேன். இருபக்கமும் வீடுகளை வரிசையாகக் கட்டம் போட்டு, பத்திரம் கிடைக்கக் கிடைக்க எந்தக் கட்டத்தில் எந்த வருஷம் யார் இருந்தார் என்று எழுதுவேன். ஒரு வீட்டின் பத்திரம் கிடைத்தால் மூன்று கட்டம் நிரம்பும்.

சுவரும் கிணறும் பேசும். "மேற்குச் சுவர் பொதுச்சுவர்", "கொல்லைக் கிணற்றில் இருவருக்கும் பொதுப் பாத்தியம்", "நடை பாத்தியம் உண்டு" என்று ஒரு பத்திரத்தில் இருந்தால், பெரும்பாலும் அவை ஒருகாலத்தில் ஒரே வீடாக இருந்து அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டவை. அல்லது இரண்டு குடும்பங்கள் அவ்வளவு ஒட்டுறவாக இருந்திருக்கின்றன. எதுவானாலும் ஒரு வீட்டாரைப் பற்றி மற்ற வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்தவரின் தேடலைச் சொன்னால் இது விளங்கும். வட ஆற்காட்டிலிருந்து ஜனங்கள் தங்கச் சுரங்க வேலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போன காலம் ஒன்று உண்டு. இவர் குடும்பம் அப்படிப் போய், தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்திலேயே இருந்து, 2001-இல் சுரங்கம் மூடினதும் பெங்களூருக்குப் பிழைக்கப் போனது. அவருக்குத் தெரிந்தது, அப்பாவின் ஆயா சொன்னதாக வீட்டில் வழங்கிய சில வார்த்தைகள்: அய்யங்குளத் தெருப் பக்கம், கல்தூண் வைத்த திண்ணை, ஒட்டினாற்போல எண்ணெய்க் கடைக்காரர் வீடு, கொல்லையில் ரெண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஆயாவின் பெயர் தெரியும். ஆயாவின் புருஷன் பெயர் தெரியாது. கையில் காகிதம் ஒன்றும் இல்லை.

"ஐயா, வீடு எனக்கு வேணாம். இருந்த இடத்தைப் பார்த்தாப் போதும்" என்றார்.

அவர்கள் வீட்டைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. எண்ணெய்க் கடைக்காரர் வீட்டைத் தேடினேன். அந்தத் தெருவில் எண்ணெய் வியாபாரம் செய்த குடும்பம் எது என்று கேட்டுக் கேட்டு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்பக்கம் கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற மாடிக் கட்டடம். பின்கட்டில் பழைய ஓட்டு வீடு அப்படியே இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள்.

முதலில் வந்தது ஓர் அடமானப் பத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பில் எல்லாம் விட்டுப்போயிருந்தது. தாளின் பின்பக்கத்தை முதலில் பார்ப்பது என் பழக்கம். அங்கேதான் ஸ்டாம்பு வெண்டர் தேதி, நம்பர், வாங்கியவர் பெயர், ஊர் எல்லாம் எழுதியிருப்பார். வாங்கியவர் பெயரும் எழுதிக்கொடுப்பவர் பெயரும் வேறாக இருந்தால், நம்பிக்கையான ஆளை அனுப்பித் தாள் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் மருமகனாக இருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். பிறகு முன்பக்கம் திருப்பிச் செக்குபந்திக்குப் போனேன். மேற்கு எல்லையில், காலஞ்சென்ற இன்னாரின் பாரியாள் இன்னாள் வீடு என்று இருந்தது. வந்தவர் சொன்ன ஆயாவின் பெயர் அது. புருஷன் பெயரும் கூடவே வந்துவிட்டது. நடுச்சுவர் பொது. கிணறு பொது.

பெட்டியில் அதே வீட்டுக்குச் சில வருஷம் கழித்து எழுதின இன்னொரு பத்திரம் இருந்தது. அதன் மேற்கு எல்லையில் அந்த அம்மாள் இல்லை. வேறொருவர் பெயர் இருந்தது. அப்படியானால் இரண்டு தேதிக்கும் நடுவில் வீடு கைமாறியிருக்கிறது. புது ஆளின் பெயரை வைத்து முதல் அட்டவணையைப் புரட்டினேன், கிரயப் பத்திரம் கிடைத்தது. கைம்பெண் தனக்காகவும் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும் எழுதிக்கொடுத்தது. மைனர் சொத்தை விற்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எழுதுகிற வரிகளில்தான் ஒரு குடும்பத்தின் கஷ்டம் முழுதும் இருக்கும். புருஷன் வாங்கின கடன், அதற்கு ஏறின வட்டி, பையனின் ஜீவனம். கடைசியில் இடது கை பெருவிரல் ரேகை. மசி கொஞ்சம் கூடுதலாகத் தொட்டு வைத்த ரேகை.

கோலாருக்குப் போன செய்தி அந்தப் பத்திரத்தில் இல்லை. அது எண்ணெய்க் கடைக்காரர் வீட்டு மொய் நோட்டில் இருந்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. ஊர்வாரியாகப் பெயர்கள். உள்ளூர், கீழ்நாத்தூர், அடிஅண்ணாமலை, வேட்டவலம் என்று போய்க் கடைசிப் பக்கத்தில் தனியாகக் 'கோலார்' என்று தலைப்பு. அதன்கீழே ஒரே பெயர், ௹ 2. நான் உரக்கப் படித்ததும் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து கிட்டே வந்தார்கள்.

"என் கல்யாணத்து நோட்டுப்பா அது. அந்த ஆயா கோலாருலருந்து புள்ளையோட வந்து மூணு நாளு இங்கதான் இருந்துச்சு. புதுப் பொண்ணா நான் கெணத்தாண்ட நிக்கறேன், 'ராட்டினத்தை எப்போ மாத்தினீங்க?'ன்னு எங்க மாமியாரைக் கேக்குது. வூட்ட வித்துட்டுப் போனாலும் கெணறு அதுங்களுதாச்சே."

தங்கவயல்காரர் அந்தக் கிணற்றைப் பார்த்தார். இரும்புக் கம்பி வலை போட்டு மூடியிருந்தது. பக்கத்து வீடு இப்போது கார் நிறுத்துகிற இடம். ஆனால் அவருக்குப் புருஷன் பெயர் கிடைத்தது, அவருடைய தகப்பனார் பெயர் கிடைத்தது, வீட்டை விற்றுப் போன பிறகும் இரண்டு குடும்பத்துக்கும் உறவு விட்டுப்போகவில்லை என்பது கிடைத்தது. இப்போது அந்த வீட்டு விசேஷத்துக்கு இவருக்குப் பத்திரிகை வருகிறது.

பெயரோடு ஊரும் சேர்ந்தால்தான் ஆள் கிடைப்பார் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கே வந்து இறங்கிய இளைஞர் பேசாமல் இருந்தார். யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. குருமூர்த்தம் என்ற இடத்தில் அவர் இருந்தபோது, தாலுகா ஆபீசில் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராம ஐயர் பெயரும் ஊரும் தெரியாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தாளில் வேங்கடராமன், திருச்சுழி என்று எழுதிக்கொடுத்தார் அவர். அந்த ஊர் எது என்று ஐயருக்குப் புரியவில்லை. இளைஞர் பக்கத்தில் இருந்த பெரியபுராணத்தைப் புரட்டி அந்தத் தலத்தின் பெயரைக் காட்டினார். பிறகு செய்தி மதுரைப் பக்கம் எட்ட, சித்தப்பா மானாமதுரையிலிருந்து தேடி வந்தார். 1898 கடைசியில் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். பின்னாளில் ரமணர் ஆன அந்த இளைஞரின் வரலாற்றைப் படிப்பவர்கள் அவர் மௌனத்தைப் பேசுவார்கள். நான் அந்தத் தாலுகா ஆபீஸ் கணக்கரின் பிடிவாதத்தை நினைத்துக்கொள்வேன். என் தொழிலுக்கு அதுதான் வேண்டும்.

எங்கே தேடுவது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. அதன்பிறகு வடாற்காடு. 1989-இல்தான் தனி மாவட்டம். 'நான் யார்?' கேள்விகளை ரமணரிடம் 1902-இல் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளைகூடத் தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் உத்தியோகஸ்தராகத்தான் இங்கே வந்தார். இது தெரியாமல் 1900-ஆம் வருஷத்துக் காகிதத்தை வேலூர்க் கட்டுகளில் தேடினால் ஆயுசு முழுக்கத் தேட வேண்டியதுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லியனுப்புவது இதைத்தான். அங்கே 1860-களின் இனாம் பதிவேடு கிடைத்தால் விடக்கூடாது. மானிய நிலத்தை அனுபவித்தவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரைக்கும் அதில் இருக்கும். ஊருக்குள் நகராட்சி 1886-இல் வந்தது. ஆனால் பிறப்புப் பதிவில் பெரும்பாலும் பெயர் இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இதைவிட நல்லது, தகப்பன் தொழிலும் சேர்ந்து கிடைக்கும்.

வருஷக் கணக்கு பெரியவர்கள் வாயில் வேறு மாதிரி வரும். "தாது வருஷம்" என்றால் 1876 பஞ்சமா, அறுபது வருஷம் கழித்து வந்த 1936-ஆ என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். "பிளேக் வந்தப்ப ஊரை விட்டுப் போனோம்" என்பார்கள். அது 1905. ஊரே காலியானது, ரமணரும் விரூபாட்ச குகையை விட்டுப் பச்சையம்மன் கோயிலில் போய்த் தங்கினார். அப்போது சொந்தக்காரர் ஊருக்குப் போன சில குடும்பங்கள் திரும்பவே இல்லை. என் நீளத் தாள்களில் அந்த வருஷத்தை ஒட்டிப் பெயர்கள் மாறுகிற வீடுகள் உண்டு.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் மட்டும் இருப்பார்கள். பெண்கள் இருந்ததே தெரியாது. பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989-இல். அதற்கு முந்தைய பெண்கள் எனக்குக் கிடைப்பது மஞ்சள்காணியாக நிலம் எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட்டிலோ, தங்கச்சி கல்யாணச் செலவுக்கு என்று ஒதுக்கிய ஷரத்திலோ, மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக வைத்த கைரேகையிலோதான். அண்டை வீட்டின் செக்குபந்தியில் இன்னாள் வீடு என்று ஒரு பெண்ணின் பெயர் நின்றால் நான் அந்த இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். கோயில் பணி செய்த மகளிர் வீடுகளின் பத்திரத்தில் மட்டும் தகப்பன் பெயர் வருகிற இடத்தில் தாய் பெயர் வரும், தாய்க்குத் தாய் பெயர் வரும். அவ்வளவு தெளிவான வம்சாவளி வேறு யாருக்கும் கிடைக்காது. அதைத் தேடி வருகிற குடும்பத்தாரிடம் மட்டுமே சொல்வேன். மற்றவர் யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், சொல்வதில்லை.

பிள்ளையில்லாமல் போனவர்களையும் குடும்ப மரத்தில் விட்டுவிடுகிறார்கள். "அவருக்கு வாரிசு இல்லீங்க, விடுங்க" என்பார்கள். நான் விடுவதில்லை. எங்கள் ஊரில் மாசி மகத்தன்று அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்க் கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சாமியே பிள்ளையாகிற ஊரில் இருந்துகொண்டு, பிள்ளையில்லாத பெரியப்பாவின் பெயரை எழுதாமல் விட எனக்கு மனம் வராது.

செக்குபந்தியைப் பற்றி இவ்வளவு பெருமையாகச் சொன்னேன். அதில் இடமே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பழைய பத்திரங்களில், கிராம நிலங்களின் எல்லையில், "சேரிக்குப் போகும் வழிக்கு வடக்கு" என்று வரும். அந்த வழியில் போனவர்களில் ஒருவர் பெயரும் வராது. அங்கே இருந்த குடிசைகளுக்குப் பத்திரம் இல்லை, எழுதுகிறவனும் அவர்களை அண்டை வீட்டாராக எண்ணவில்லை. என் தொழில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த அநியாயம் இது. தலித் குடும்பத்தார் பூர்வீகம் தேடி வரும்போது நான் வேறு இடங்களுக்குப் போகிறேன். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த உத்தரவுப்படி ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் பட்டாக்கள், மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், பள்ளிப் பதிவேடுகள். இவற்றைவிட முழுமையாக அவர்களைப் பற்றி எழுதிவைத்த காகிதம் ஒன்று உண்டு. கப்பல் காகிதம்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'துருரோ' கப்பல் நேட்டாலில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. வடாற்காடும் தென்னாற்காடும் அதில் நிறைய ஆள் கொடுத்த ஜில்லாக்கள். ஏறிய ஒவ்வொருவருக்கும் நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதினார்கள். ஆளை அக்கறையோடு நினைத்து எழுதியது அல்ல. ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதியது. ஆனாலும் ஊர்ப் பத்திரம் 'சேரி' என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்கியவரின் நெற்றித் தழும்பு வரைக்கும் அதில் இருக்கிறது. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

டர்பனிலிருந்து வந்த அம்மா அப்படி ஒரு காகிதத்தின் நகலோடு வந்தார். ஆங்கிலம்தான் பேசினார், ஆனால் பாட்டி பாடின மாரியம்மன் தாலாட்டு தெரிந்தது. கிராமத்தின் பெயர் வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதியிருந்தது. ஜில்லா தென்னாற்காடு என்று இருந்ததால் அவருடைய சொந்தக்காரர்கள் கடலூர்ப் பக்கம் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1911-க்கு முந்தையது என்பதால் நான் திருவண்ணாமலை தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து உரக்க உரக்கப் படித்து, அந்த ஒலிக்கு நெருங்கிய ஊர்களைக் குறித்தேன். மணியம், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்த பிறகு பழைய கிராமக் கணக்கு எல்லா ஊரிலும் முழுசாகக் கிடைப்பதில்லை. அதனால் கோயிலைத்தான் பிடித்தேன்.

கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு தலைக்கட்டு. நோட்டுப் போட்டு எழுதுவார்கள், பழைய நோட்டிலிருந்து புது நோட்டுக்குப் பெயரை இறக்குவார்கள். குறித்து வைத்த ஊர்களில் ஒன்றில், காலனி மாரியம்மன் கோயில் நாட்டாமை வீட்டில் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அடியில் இருந்ததில் கப்பல் காகிதத்தில் இருந்த தகப்பன் பெயர் இருந்தது. பெயர் ஒன்று மட்டும் போதாது, அதைத்தான் முதலிலேயே சொன்னேன். வரிசையில் அவருக்கு மேலே கீழே இருந்த பெயர்களைக் கேட்டேன். அடுத்தடுத்த வீடுகளின் வரிசையில்தான் வரி வசூலிப்பார்களாம். கீழே இருந்த பெயருக்குரிய குடும்பம் இன்னும் அதே இடத்தில் இருந்தது. அந்த வீட்டுத் தாத்தா கேட்காமலே சொன்னார்:

"எங்க பக்கத்து மனை ரொம்ப நாளு காலியா கெடந்துச்சு. கப்பலுக்குப் போனவன் மனைன்னு எங்கப்பா அதுல ஆட்டைக்கூடக் கட்ட வுடமாட்டாரு. வந்தா என்னா சொல்றதுன்னு."

டர்பன் அம்மா அந்த மண்ணில் நின்றார். அப்புறம் நாட்டாமையிடம் என் மூலமாகக் கேட்டார்: எங்கள் குடும்பத்தையும் நோட்டில் சேர்த்துக்கொள்வீர்களா? சேர்ப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் எத்தனை தலைக்கட்டு என்பதில் பேச்சு நீண்டுவிட்டது. அவருக்கு அண்ணன் தம்பிகள் உண்டு, அவர்கள் மகன்களும் குடும்பஸ்தர்கள். ஊரில் இல்லாதவர்களுக்கு மொத்தமாக ஒரு வரி போதும் என்கிறார்கள் சிலர். கோலாருக்கும் பெங்களூருக்கும் போனவர்களிடம் தனித்தனியாக வாங்கும்போது டர்பனுக்கு மட்டும் ஏன் ஒன்று என்கிறார்கள் மற்றவர்கள். பெண் வழியில் வந்தவர் பெயரில் வரி எழுதலாமா என்றும் கேள்வி வந்தது. எழுதத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன், கூட்டத்திலிருந்த பெண்களும் சொன்னார்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றுவதற்கு முன் ஊர் கூடும். அன்றைக்கு முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். டர்பனிலிருந்து ஆண்களின் பெயர், பெண்களின் பெயர் இரண்டும் எழுதிய பட்டியல் வந்துவிட்டது. தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது.